தோற்கத் தெரிந்தவர்

அரிவாளில் குண்டு கோத்த சங்கிலியைப் பூட்டிச் சண்டை பழக்கும் சங்கிலி அரிவாள் பள்ளியில், ஜோடிப் பயிற்சியின்போது மர வாளைப் பிடிப்பவர் மூத்தவர்; அரிவாள் இளையவனுக்கு. மூத்தவர்தான் தோற்க வேண்டும். எப்போது பாய்வது, எந்தக் கணத்தில் மணிக்கட்டைச் சங்கிலிக்குக் கொடுப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. மூத்த சீடர் கன்பெய் வருடக்கணக்காகத் தோற்று வந்தார்.

பள்ளியின் குருநாதர் இறந்தபின் அவர் வகித்த கோட்டைப் பயிற்சியாளர் பதவிக்கு ஆள் பார்க்க எடோ நகரத்திலிருந்து புதிய காரியஸ்தர் வந்தார். பதவி கன்பெய்க்குத்தான் என்பதில் பள்ளியில் யாருக்கும் சந்தேகமில்லை. அவரும் அந்த ஆசையைப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தார். மனுஷனுக்கு வேறென்ன இருந்தது?

காரியஸ்தர் முன்னால் இளையவன் மதஜிரோ சங்கிலியைச் சுழற்றினான். கன்பெய் பாய்ந்தார், சிக்கினார், மண்டியிட்டார். ஒவ்வொரு முறையும் அதேதான். அவ்வளவு சுத்தமாகத் தோற்க அந்தச் சீமையிலேயே ஆள் கிடையாது.

காரியஸ்தர் விசிறியால் தொடையில் தட்டினார். "அடேயப்பா! அரிவாக்காரன் ஒரு தடவகூட விடலையே! பதவி அவனுக்குத்தான். பெரியவரே, வருத்தப்படாதீங்க, வயசாச்சுல்ல?"

அவர் தீர்ப்பைத் திருத்தும் துணிச்சல் சபையில் யாருக்கும் இல்லை. தன் பெருமையைத் தானே பேச கன்பெய்க்கு நா எழவில்லை. மதஜிரோ சொல்லியிருக்கலாம். 'ஐயா, தோற்பதுதான் மூத்தவர் வேலை' என்று ஒரு வார்த்தை போதும். அந்தப் பாவி நெற்றி பாயில் படக் குனிந்து, "ஐயாவுக்குப் பெரிய மனசு" என்றான்.

மறுநாள் காலை கன்பெய் அரிவாளை எடுத்தார். பதவி கிடைத்தவன்தானே இனி மூத்தவன்? மதஜிரோவின் முகம் வெளுத்தது.

"அண்ணே, அதக் கீழ வைங்க."

"ஏன்டா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கோட்டை ஆளுங்க பாக்க வர்றாங்கண்ணே. பயிற்சியாளரே தோத்தா காறித் துப்ப மாட்டாங்களா?" பிறகு குழைந்தான். "அதுவுமில்லாம, உங்கள மாதிரி தோக்க எனக்கு வராதுண்ணே."

அவரை யாரும் அதுவரை அப்படிப் புகழ்ந்ததில்லை. அதை நேற்றே சபையில் சொல்லியிருக்கலாமே. வாசலில் வீரர்களின் பேச்சுக்குரல் கேட்டது. மறுத்தால் பள்ளியின் மானம் சந்தி சிரிக்கும். அரிவாளைக் கொடுத்துவிட்டு வாளை எடுத்தார்.

மதஜிரோ பதற்றத்தில் கோணலாக வீசினான். குண்டு வெற்றுவெளியில் போயிருக்கும். கன்பெய் நினைப்பதற்குள் கால் அரையடி நகர்ந்தது, கை நீண்டது, சங்கிலி மணிக்கட்டில் கச்சிதமாகச் சுற்றிக்கொண்டது.

"பலே!" என்றார்கள் வீரர்கள், மதஜிரோவைப் பார்த்து.