குறுக்கே வந்த சாலை

அக்கா வீடும் தங்கை வீடும் எதிரெதிரே. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மறுவீட்டில் தும்முவார்கள், அவ்வளவுதான் தூரம்.

இடையே இருந்த சிறு சாலையை ஆறுவழிச் சாலையாக அகலப்படுத்தி நடுவே இடுப்புயரத் தடுப்புச்சுவர் எழுப்பியதும் அந்தத் தூரம் நீண்டுவிட்டது. தங்கையைப் பார்க்க அக்கா இரண்டு நிறுத்தம் பேருந்தில் போய், நடைபாலம் ஏறி இறங்கி, மறுபக்கப் பேருந்தில் திரும்ப வேண்டும். முழங்கால் வலிக்காரிக்கு அது ஒரு யாத்திரை. தையல்காரியான அவள் வெள்ளைத் துணி வாங்குவதையே நிறுத்திவிட்டாள். காலையில் விரித்த துணி மதியத்துக்குள் புகை படிந்து சாம்பல் நிறமாகிவிடுகிறது.

"கண்ணுக்கு எட்டினது காலுக்கு எட்டல" என்பாள் போனில், எதிர் பால்கனியில் நிற்கும் தங்கையைப் பார்த்துக் கையாட்டியபடி.

ஒரு நாள் தங்கைக்குக் கடும் காய்ச்சல். அவள் கணவர் அதே சாலையில் பேருந்து ஓட்டுகிறவர். விடியற்காலையிலேயே வேலைக்குப் போயிருந்தார். அக்கா சூடாகச் சமைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நிறுத்தத்தில் அரை மணி நேரமாகப் பேருந்து இல்லை. பொறுமை போயிற்று. வண்டிகள் சற்றே ஓய்ந்த நேரம் பார்த்து நடுச்சுவரை எட்டி, ஒரு காலைத் தூக்கி மறுபக்கம் போட்டாள். அடுத்த கால் மடங்க மறுத்துவிட்டது.

குதிரைமேல் உட்கார்ந்தவள்போல் சுவர்மேல் மாட்டிக்கொண்டாள். இரு பக்கமும் லாரிகள் சீறின. பால்கனியிலிருந்து தங்கை கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது வந்தது தங்கை கணவரின் பேருந்து. அக்காவைக் கண்டதும் அதைக் குறுக்காக நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"என்னக்கா இது?"

"சாப்பாடு ஆறிடும் தம்பி. மொதல்ல இதப் பிடிங்க."

பேருந்திலிருந்து இறங்கிவந்த இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை இறக்கிவிட்டார்கள்.

போக்குவரத்தை மறித்ததற்காகத் தங்கை கணவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அக்காவும் கூடவே போனாள். அங்கே இருந்த சாலைப் பொறியாளர் அவளிடம் கேட்டார்.

"ஏம்மா ரோட்டுக்குக் குறுக்க போனீங்க?"

"என் தங்கச்சி வீடு இருபது வருஷமா அங்கதான் இருக்கு சார். குறுக்க வந்தது உங்க ரோடுதான்."

பொறியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்டார்: "தினம் எத்தனை பேரு அப்படி ஏறிக் குதிக்கிறாங்க?"

"என் ஜன்னல்ல உக்காந்து நீங்களே எண்ணிப் பாருங்க."

உண்மையாகவே வந்தார். இருமியபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர், எழுபதுக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டார். ஓட்டுநரை எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆறு மாதம் கழித்துச் சுவரில் வழி திறந்து, சிக்னல் வைத்தார்கள்.

புகை குறையவில்லை. ஆனால் முதல் நாள் சிவப்பு விழுந்ததும் அக்கா இந்தப் பக்கமிருந்தும் தங்கை அந்தப் பக்கமிருந்தும் இறங்கி, நடுவழியில் சந்தித்து, அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பச்சை விழுந்தது. முன்னால் நின்ற லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"யாராவது ஒருத்தர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கம்மா."

யார் வீட்டுக்கு என்பதில் இருவருக்கும் வழக்கு வந்துவிட்டது.