பென்சில் தட்டாத புதன்கிழமை

கதை வாசிப்பின் பதினான்காம் பக்கத்தில் சிரிப்பு வந்தது. மரியாதைக்கு மூக்கால் விடும் சிரிப்பில்லை, நாற்காலியோடு பின்னால் சாயும் சிரிப்பு. தொப்பைக்குக் குரல் கொடுப்பவர் அடுத்த வசனத்தைப் படிக்க முடியாமல் தாளை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கதாசிரியருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அப்பாடா! எத்தனை வருஷம் ஆயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு!

'தொப்பை வீடு' என்ற கார்ட்டூன் தொடர் இருபத்து நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். முதல் எட்டு வருஷம் ஓடியது, அப்புறம் நடந்தது, இப்போது தவழ்கிறது. தொப்பை என்பவன் ஒரு குண்டு மனிதன், அவனுக்கு ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள், வாயாடிக் கிளி ஒன்று. ஆரம்பத்தில் அவன் முட்டாள், ஆனால் பெண்டாட்டி என்றால் உயிரை விடுவான். போகப் போக முட்டாள் மட்டும் மிச்சமாகிவிட்டான். ஜெயிலுக்குப் போனான், ராணுவத்துக்குப் போனான், கிளி செத்துப் பிழைத்தது, போதாக்குறைக்கு ராக்கெட்டில் ஏறி நிலாவுக்கும் போய் வந்தான். ஊரெல்லாம் காறித் துப்பிய அத்தியாயம் அதுதான். "தொப்பை எப்பவோ செத்துட்டான், இவங்க பொணத்தை ஆட்டிக் காமிக்கறாங்க" என்று யாரோ இணையத்தில் எழுதியதைக் கதாசிரியர் ஒரு மாதம் தூங்காமல் மென்றிருக்கிறார்.

இன்றைய கதையில் தொப்பை திருடனுக்குப் பயந்து வாசல் கதவில் ஏழு பூட்டு மாட்டுகிறான். ஏழையும் வெளியே நின்று அழுத்திப் பூட்டிய பிறகுதான் சாவிக்கொத்து உள்ளே இருப்பது புத்தியில் படுகிறது. கடைசியில் ஒரு திருடனையே கையைக் காலைப் பிடித்து அழைத்து வருகிறான். ஆறு பூட்டைத் திறந்து களைத்துப் போன திருடன் கேட்கிறான், "உள்ள அப்படி என்னங்க இருக்கு?" "ஒண்ணும் இல்லைங்க." "அப்புறம் எதுக்கய்யா ஏழு பூட்டு?" "ஒண்ணும் இல்லைன்னு வெளிய தெரியக் கூடாதுல்ல!"

அங்கேதான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

புதன்கிழமை வாசிப்புக்கு என்று அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. 'ஞாபகம்' என்று எல்லோரும் கூப்பிடும் அம்மாள் மேசையின் கால்மாட்டில் உட்காருவாள். தட்டச்சு செய்ய வந்தவள், மூன்றாம் அத்தியாயத்திலிருந்து இருக்கிறாள். எந்தச் சிரிப்பு எப்போது சொன்னது, தொப்பை வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. யாராவது ஏற்கெனவே சொன்ன சிரிப்பையே மறுபடி எழுதிக்கொண்டு வந்தால் கையிலிருக்கும் பென்சிலால் எவர்சில்வர் டம்ளரில் 'டங்' என்று ஒரு தட்டு. மாட்டிக்கொண்டவன் அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். நல்ல காலத்தில் அந்தச் சத்தத்துக்கே தனியாக ஒரு சிரிப்பு எழும்.

இன்று டங் விழவில்லை. தொப்பையின் குரல்காரர் வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது, மற்ற எழுத்தாளர்கள் அவரைவிடப் புதியவர்கள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். "சார், பழைய தொப்பை திரும்பி வந்துட்டான் சார்" என்றாள் ஓர் எழுத்தாளப் பெண். கதாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே ஜோரில் மேசையின் மறுமுனையைப் பார்த்தார். ஞாபகம் பென்சிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும், "சார், ஒரு நிமிஷம் என் ரூமுக்கு வாங்க" என்றாள்.

அவளுடைய அறை அறை என்பதைவிட அலமாரிக்குள் போட்ட நாற்காலி. நாலு பக்கமும் பழைய கதைத் தாள்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கதவைச் சாத்திவிட்டு மஞ்சள் ஏறிய ஒரு தாள்கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். முப்பத்தேழாம் அத்தியாயம்.

பக்கத்தைத் திருப்பினார். ஏழு பூட்டு. களைத்த திருடன். ஒண்ணும் இல்லைங்க. வரிக்கு வரி, வார்த்தைக்கு வார்த்தை. ஓரத்தில் அவருடைய கையெழுத்தில் பென்சில் குறிப்பு: 'இங்கே மூச்சு விடாமல் சொல்லணும்.' இன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது புதுத் தாளின் அதே ஓரத்தில் அதே குறிப்பை எழுதியிருந்தார். எழுதும்போது தனக்குள் சிரித்துக்கொண்டது கூட ஞாபகம் இருக்கிறது. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதியது மட்டும் நினைவில் இல்லை. துளி கூட இல்லை. வேறு யாருடைய வீட்டு ஆல்பத்தையோ புரட்டுவது போலிருந்தது.

"ஏன் தட்டல நீ?" என்று சீறினார்.

"அத்தனை பேர் முன்னாடியா சார்?"

"நான் தேநீர் ஊத்த மாட்டேனா? எத்தனை தடவை ஊத்தியிருக்கேன்!"

"ஒரு சிரிப்புன்னா தட்டியிருப்பேன் சார். இது முழுக்கதை."

கேட்கக் கூடாது என்று நினைத்த கேள்வியை வாய் கேட்டுவிட்டது. "இதுதான் முதல் தடவையா?"

அவள் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். நாலு கட்டுகள். ஒவ்வொன்றோடும் அதன் பழைய அத்தியாயத் தாள்களை ரப்பர் போட்டுச் சேர்த்திருந்தாள், ஜோடி ஜோடியாக.

"அதெல்லாம் நீங்க தனியா எழுதி நேரா டைப்புக்குக் கொடுத்தது சார். வாசிப்புக்கே வரல. ரெண்டு வருஷமா நானே டைப் அடிக்கும்போது மாத்தி அனுப்பிட்டேன். நீங்க கேட்டப்போ மேலிடம் சொல்லிப் பிள்ளைங்க மாத்திட்டாங்கன்னு சொன்னேன். குடைக் கதை எழுதினீங்க, நினைவிருக்கா? மழைக்குப் பயந்து தொப்பை வீட்டுக்குள்ளயே குடை பிடிப்பானே. அது பழைய நூத்தி ரெண்டாம் அத்தியாயம். அதைத்தான் ராக்கெட் ஆக்கினேன்."

"ராக்கெட்டை எழுதினது நீயா?"

"நான்தான்."

எவன் எழுதினான் என்று கேட்டு அவர் அந்தப் புது எழுத்தாளப் பிள்ளைகளை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறார்! தலையில் களிமண்ணா என்று கேட்டு ஒருத்தியை அழ வைத்தும் இருக்கிறார். இந்த ரெண்டு வருஷத்தில் அவர் நல்லதாக எழுதியதெல்லாம் அவருடைய பழையதே. ஊர் துப்பியதெல்லாம் அதை மறைக்க இவள் போட்ட ஒட்டு.

"எனக்குச் சிரிப்பு எழுத வராது சார்" என்றாள் ஞாபகம். "எது பழசுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். நாளைக்குப் பத்து மணிக்கு இது படம் வரையறவங்க கைக்குப் போகணும். நீங்க சரின்னா இன்னிக்கே உட்கார்ந்து மாத்திடறேன். பூட்டுக்குப் பதிலா ஏதாவது போட்டு..."

"கெடுத்துடுவேன்னு சொல்லு."

"ஆமா சார். கெடுத்துடுவேன்." மூக்கை உறிஞ்சினாள். "இல்லன்னா நீங்களே காலையில எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. சொல்லிட்டு ஒரு டாக்டரைப் பாருங்க. தனியா போகாதீங்க, வீட்ல அவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

டாக்டர் என்றதும் அவருக்கு அண்ணன் நினைவு வந்தது. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரே சாப்பாட்டு நேரத்தில் பஸ் தவறிய கதையை இரண்டு தடவை சொன்னான், இரண்டாம் தடவை எல்லோரும் கேலி செய்து சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். இன்று முதியோர் இல்லத்தில் கம்பி ஜன்னல் வைத்த ஓர் அறையில் இருக்கிறான். ஞாயிறுதோறும் தம்பியான இவர் போனால், "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்று மரியாதையாகக் கேட்பான். கார்ட்டூன் என்று சொல்லி அவர் தொப்பையின் அதே ஒரு சிரிப்பைச் சொல்வார். அண்ணன் ஒவ்வொரு வாரமும் புதுசாகக் கேட்டது போல வயிறு குலுங்கச் சிரிப்பான். தொப்பைக்கு இன்னமும் மனசாரச் சிரிக்கிற ஒரே ரசிகன் என்று அவர் வெளியே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இப்போது அந்த ஜன்னலும் அதன் கம்பிகளும் கண் முன்னால் வந்து நின்றன. கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தது மட்டும் அண்ணனாக இல்லை.

"காலையில சொல்றேன்" என்று முப்பத்தேழாம் அத்தியாயத்தைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில் பிள்ளைகள், "கலக்கிட்டீங்க சார்" என்றார்கள். பேருந்து நிறுத்தம் வரை போகிற வழியில் தன் வீட்டு எண்ணையும் மகளின் பிறந்த தேதியையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தன. இருப்பதுதான் இன்னும் பயமாக இருந்தது, எது இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தேய்ப்புப் பெட்டியைக் கையில் எடுத்தால் எதிரே தொலைக்காட்சியில் பழைய தொப்பை ஓட வேண்டும் அவளுக்கு. புதுசைப் பார்க்க மாட்டாள், கட்டிய புருஷன் எழுதியது என்றும் பார்க்க மாட்டாள். பழைய அத்தியாயங்கள் மனப்பாடம், தொப்பை வாயைத் திறப்பதற்கு முன்னால் இவள் சொல்லிவிடுவாள்.

"என்னங்க, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? இன்னிக்கும் யாரும் சிரிக்கலையா?"

"சிரிச்சாங்க" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பையைக் காலுக்கு அடியில் தள்ளினார். "நான் நிறுத்துன்னு சொல்றப்போ படத்தை நிறுத்து. அடுத்து என்ன சொல்லுவான்னு நான் சொல்றேன். நீ முந்திக்காத."

"இது என்ன புது விளையாட்டு?" என்றாலும் அவளுக்குக் குஷியாகிவிட்டது. ரிமோட்டை எடுத்துத் தேய்த்து மடித்த சட்டையின் மேல் வைத்துக்கொண்டாள்.

மூன்றில் மூன்றும் சொல்லிவிட்டால் இது வெறும் அசதி, காலையில் ஞாபகத்திடம் நாலு வார்த்தை காரமாகப் பேசிக்கொள்ளலாம். மூன்றில் ஒன்று தப்பினாலும்... அதை அவர் முழுசாக நினைக்கவில்லை.

முதல் தடவை நிறுத்தியதும் சொன்னார். சரியாக இருந்தது. "அட, ஒரு எழுத்து பிசகலையே!" என்றாள் மனைவி. அவருக்கு உயிர் வந்தது. இரண்டாவதில் கிளி தலையைச் சாய்த்தபடி நின்றது. அவர் கிளியைப் பார்த்தார், கிளி அவரைப் பார்த்தது. அந்தக் கிளி பேசியதாகவே அவருக்குத் தோன்றவில்லை. "என்னங்க நீங்க, 'எனக்கு ஊதியமா, ஊறுகாயா?'ன்னு கிளி கேக்கும்ல! நீங்க எழுதினதுங்க!" என்று அவள் தோளில் தட்டினாள்.

"சரி, இன்னொண்ணு" என்றார். தன் குரல் தனக்கே எங்கோ கேட்டது.

தொப்பை எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நின்றான். அவன் மனைவி சமையலறையிலிருந்து, "எவ்வளவு காட்டுது?" என்று குரல் கொடுத்தாள். தொப்பை குனிந்து பார்த்தான். வாயைத் திறந்தான்.

"நிறுத்து."

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வார்த்தை தானாக வந்து விழுந்தது. "ஐயோ, மெஷினைக் காணோம்டி! நான் மேல நிக்கறப்பவே எவனோ திருடிட்டுப் போயிட்டான்!"

மனைவி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். சிரிப்பென்றால் சிரிப்பு, தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று. அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது, பாதியிலேயே நின்றுவிட்டது. பழசைச் சரியாகச் சொல்லிவிட்டதற்கா சிரிக்கிறாள், இல்லை, அவர் இப்போது புதிதாகச் சொன்னதை முதல் தடவையாகக் கேட்கிறாளா?

கேட்டால் சொல்லிவிடுவாள். பொத்தானை அழுத்தினால் தொப்பையே சொல்லிவிடுவான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரிமோட்டுக்குக் கையை நீட்ட, அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு" என்றார். "கொஞ்சம் இரு."

"ஏங்க, அடுத்தது பாக்க வேண்டாமா?" என்றாள் அவள்.

திரையில் தொப்பை மெஷின் மேல் நின்றுகொண்டு, தன் வயிற்றைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தபடி, திறந்த வாய் திறந்தபடியே காத்திருந்தான்.