சிறந்த தன்னலர் விருது

1

இந்தக் கதை ஒரு அச்சுப்பிழையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரக்கமோ சமுதாய அக்கறையோ என்னை எழுதத் தூண்டவில்லை. எங்கள் குடியிருப்பின் மண்டபத்தில் ஒரு பேனர் கட்டினார்கள். ‘சிறந்த தன்னார்வலர் விருது வழங்கும் விழா’ என்று இருக்க வேண்டியது. அச்சடித்த கடையில் நடுவிலிருந்த ‘ஆர்வ’த்தை மட்டும் விட்டுவிட்டார்கள். ‘சிறந்த தன்னலர் விருது வழங்கும் விழா’ என்று ஆள் உயர எழுத்தில் தொங்கியது.

தன்னலர் என்றால் தன் நலத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்.

கடைசி வரிசையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து இருமிவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்த விழாவில் நான் பார்த்த முதல் தொண்டு அதுதான். அவருக்கு யாரும் விருது கொடுக்கவில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

‘அதிகாலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி’ (விழா பதினொரு மணிக்கு. அடித்துவிட்டேன்.)

‘தன்னலமற்ற சேவையின் மறு உருவமாகத் திகழும் இஸ்திரி அக்கா, புன்னகை மாறாத முகத்துடன்’

இங்கே பேனா நின்றுவிட்டது. இஸ்திரி அக்காவுக்குப் புன்னகை மாறாத முகம் கிடையாது. அந்த முகத்தில் புன்னகை வந்தால்தான் மாற்றம் என்று சொல்ல வேண்டும்.

‘மூன்றாம் மாடிக்குப் போகும் படியில் இஸ்திரி அக்கா திட்டிக்கொண்டே ஏறினாள்.’

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

மூன்றாம் மாடிக்குப் போகும் படியில் இஸ்திரி அக்கா திட்டிக்கொண்டே ஏறினாள். லிஃப்ட் வைக்காமல் கட்டடம் கட்டினவனைத் திட்டினாள். தன் முட்டியைத் திட்டினாள். இனி படியே ஏறக்கூடாது என்று சொன்ன டாக்டரை, அவர் வந்து ஏறுவாரா என்று கேட்டுத் திட்டினாள். குடியிருப்பின் வாசலில் துணி தேய்க்கும் கடை அவளுடையது. காலையில் பெட்டியைச் சூடாக்குவதற்கு முன்னாலும் மாலையில் அதை அணைத்த பிறகும் இந்தப் படிகளில் ஏறுவாள்.

மேலே டைப்பம்மா இருந்தாள். கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றவள். குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்த நாளிலிருந்து கட்டிலும் சக்கர நாற்காலியும்தான் அவளுக்கு வீடு. பிள்ளைகள் இல்லை. வெளியூரில் தம்பி மகன் ஒருவன், போனில் மட்டும்.

“வந்துட்டியா இஸ்திரி? உன் குரல் முதல் மாடியிலயே கேட்டுச்சு.”

“கேக்கட்டும். திரும்புங்க. இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்.”

“மெதுவா பிடி. நான் என்ன சட்டையா, மடிச்சு வைக்கறே?”

“சட்டைன்னா சொன்ன பக்கம் திரும்பும்.”

புண் வராமல் இருக்க முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டாள் அக்கா. விரிப்பை உருவி, வேறு விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து விட்டாள். நனைந்த துணியைப் பக்கெட்டில் போட்டாள்.

“தம்பி மகன் போன் பண்ணினான்” என்றாள் டைப்பம்மா, சுவரைப் பார்த்தபடி. “வர்ற மாசம் வந்து முதியோர் இல்லத்துல சேத்துடறானாம். நல்ல இடமாம். காத்தோட்டமா இருக்குமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“காத்து இங்கயும் வருதுன்னேன். ‘அந்தக்காவுக்கு முட்டி போச்சுன்னா யாரு பாப்பா’ங்கறான். அதுக்கு எனக்குப் பதில் தெரியல.”

அக்காவுக்கும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மண்டபத்தை ஒட்டி, தரைத் தளத்தில், குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான ஓர் அறை சும்மா பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் தெருப்பக்கம். குழாய் உண்டு. உள்ளே உடைந்த நாற்காலிகளும் சங்கத் தலைவர் வாங்கிய கேடயங்களும் இருக்கின்றன. அந்த அறை கிடைத்தால் படி ஏற வேண்டாம். கிடைக்காவிட்டால் முட்டி போகும், டைப்பம்மா போவாள். இரண்டு முறை சங்கத்தில் கேட்டுவிட்டாள். இரண்டு முறையும் “பாக்கலாம்” என்றார்கள்.*

* ‘பார்க்கலாம்’ என்பதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். முடியாது என்று சொன்னால் சண்டை போடலாம். முடியும் என்று சொன்னால் சாவி கேட்கலாம். பார்க்கலாம் என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டுத்தான் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

4

இனி விருதின் வரலாறு.

முதல் ஆண்டு சிறந்த தன்னார்வலர் விருதைச் சங்கத் தலைவர் பெற்றார். அடுத்த ஆண்டு தலைவரின் மனைவி. அதற்கடுத்த ஆண்டு, வேறு ஆள் கிடைக்காததால், தலைவரின் மச்சான். அவர்தான் சங்கத்தின் பொருளாளர். பிறகு வாழ்நாள் சாதனைக்காக மீண்டும் தலைவர்.

இந்த ஆண்டு சிக்கல் வந்தது. விழாவுக்கு வர ஒப்புக்கொண்ட பெரிய அதிகாரி, விருது வாங்குபவர் சங்க நிர்வாகியாக இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவசரக் கூட்டம் போட்டார்கள். நிர்வாகத்தில் இல்லாத ஒருவர் தொண்டு செய்வதாக யாருக்கும் தகவல் இல்லை. செயலாளரான பெயிண்ட் கடைக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நம்ம வாசல்ல துணி தேய்க்கறாங்களே, அந்தக்கா ஏதோ மேல போயிட்டு வர்றாங்க.”

(அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. வாட்ச்மேன் சொல்லிக் கேட்டது. அவர் பாதி சொன்னார், மீதியை நான் போட்டுக்கொண்டேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.)

அக்காவை வரவழைத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். சங்க அலுவலகத்தில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

“உங்களுக்கு இந்தச் சேவையில எப்போம்மா ஆர்வம் வந்துச்சு?” என்று கேட்டார் தலைவர்.

“ஆர்வமா? அதெல்லாம் எனக்கு இல்லீங்க.”

“இல்லக்கா,” என்றார் பெயிண்ட் கடைக்காரர், “உள்ளுக்குள்ள ஒரு உந்துதல், ஒரு மனநிறைவு…”

“நாத்தம் சார். தேய்ச்ச துணியைக் குடுக்கப் போனேன். அந்தம்மா நனைஞ்சு கிடந்தாங்க. யாரும் மாத்தல, நான் மாத்தினேன். மறுநாளும் யாரும் மாத்தல.”

பொருளாளர் குறித்துக்கொண்டார்: ‘சிறு வயது முதலே சேவையில் ஆர்வம்.’

“பயனாளியையும் மேடைக்குக் கொண்டு வந்துடணும்” என்றார் தலைவர்.

“பயனாளின்னா?”

“அதாம்மா, அந்த டைப்பம்மா. உங்களால பயன் அடைஞ்சவங்க. பெயிண்ட் கடை ஆளுங்க நாலு பேர் வந்து நாற்காலியோட இறக்கிடுவாங்க.”

“அவங்க வேண்டாங்க. சுருக்குனு ஏதாவது பேசிடுவாங்க.”

“பேசவே வேண்டாம். கண்ணு கலங்கினா போதும்.”

அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். “நான் பேசலாமா? மேடையில, ரெண்டு வார்த்தை?”

தலைவர் மச்சானைப் பார்த்தார். “நன்றிங்கறது ஒரு வார்த்தை. இன்னொரு வார்த்தை என்ன?”

5

இந்த இடத்தில் எனக்கு அக்காவின் மேல் சந்தேகம் வந்தது. அவள் அறையைக் கேட்பது டைப்பம்மாவுக்காகவா, தன் முட்டிக்காகவா? நல்ல கதாபாத்திரம் என்றால் முட்டியை மறந்திருக்க வேண்டும். மறக்க வைத்து ஒரு பக்கம் எழுதினேன். அந்தப் பக்கத்தில் அக்கா படியேறும்போது யாரையும் திட்டவில்லை. டைப்பம்மாவின் நெற்றியை வருடி, “நீங்க எனக்குத் தாய் மாதிரி” என்றாள். எழுதி முடித்துப் படித்தேன். அக்கா அந்த வரியைக் கேட்டால் பெட்டியோடு வந்து என்னை ஒரு தேய்ப்பு தேய்த்துவிடுவாள் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.

உண்மையில் அன்று மாலை அக்கா மேலே போனபோது கோபமாக இருந்தாள்.

“உங்களை மேடையில வெச்சு வேடிக்கை காட்டப் போறாங்க. நான் முடியாதுன்னு சொல்லிட்டு வர்றேன்.”

“எத்தனை பேர் தூக்கறாங்க?”

“நாலு பேர். பேச்சை மாத்தாதீங்க.”

“கீழ வரைக்கும் தூக்கறாங்களா?”

“மேடை கீழதானே இருக்கு.”

“அப்ப வர்றேன். தூக்கறவன் எதுக்குத் தூக்கறான்னு நான் ஏன் பாக்கணும்? அந்த நீலப் புடவையை எடுத்துத் தேய். கஞ்சி போடு.”

“உங்களைப் பயனாளின்னு மைக்ல சொல்லுவாங்க.”

“கோர்ட்டுல எத்தனை பேரை மேற்படி நபர்னு அடிச்சிருக்கேன். யாரும் செத்துப் போகல.”

6

விழா. சுருக்கமாகச் சொல்கிறேன், விழா அப்படி நடக்கவில்லை என்றாலும்.

பெரிய அதிகாரி வரவில்லை. வாழ்த்து அனுப்பியிருந்தார். பேனரில் ‘ஆர்வம்’ விட்டுப்போனதைப் பெயிண்ட் கடைக்காரர் கடைசி நேரத்தில் பார்த்து வியர்த்துப்போனார். கழற்ற நேரமில்லை. அந்தச் சொல்லுக்கு நேர் முன்னால் யாராவது நின்றுகொண்டே இருந்தால் படத்தில் தெரியாது என்று முடிவானது. தலைவர் நின்றார். அவர் வழக்கமாக நிற்கும் இடமும் அதுதான் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தலைவர் தொண்டைப் பற்றிப் பேசினார். தான் தொண்டு செய்த நாட்களைப் பற்றிப் பேசினார். விருது பெறுபவரைப் பற்றிப் பேசும்போது நேரம் முடிந்துவிட்டதாகச் சொன்னார். நீலப் புடவையில் டைப்பம்மா சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கவில்லை. மண்டபத்தின் திறந்த கதவு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் சைக்கிளில் போனான். ஒரு பெண் குடையை மடக்கினாள். இதற்கெல்லாம் அவள் முகம் மாறியது.

அக்காவுக்குக் கேடயம் கொடுக்கத் தலைவர் ஓரடி நகர்ந்தார். டைப்பம்மா திரும்பிப் பேனரை வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள்.

அக்கா மைக்கைப் பிடித்தாள். சூடான பெட்டியைப் பிடிப்பதுபோல் தள்ளிப் பிடித்தாள்.

“மேல தன்னலம்னு எழுதியிருக்காம். படிச்சுச் சொன்னாங்க. சரியாத்தான் எழுதியிருக்கு. என் முட்டி தேஞ்சு போச்சு, இனிமே படி ஏற முடியாது. மண்டபத்துக்குப் பக்கத்து ரூமை இந்தம்மாவுக்கு விடுங்க. வாடகை அவங்க பென்ஷன்ல வரும். அவங்களுக்காகக் கேக்கல. எனக்காகக் கேக்கறேன்.”

மண்டபமே கைதட்டியது. பலர் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் தட்டினேன், அதனால் சொல்கிறேன்: நாங்கள் யாரும் அவள் கேட்டதைக் கேட்கவில்லை. அவள் பணிவைக் கேட்டோம்.

“என்ன ஒரு தன்னடக்கம்” என்றார் தலைவர் மைக்கில். “ரூம் விஷயம் பாக்கலாம்.”

எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

7

சாப்பிட்டுவிட்டுப் பெயிண்ட் கடை ஆட்கள் நாலு பேரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களுக்கு இறக்கச் சொல்லித்தான் உத்தரவு. ஏற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

மண்டபத்தில் கவிழ்ந்த தண்ணீர்க் கோப்பைகளும் மூன்று பேரும் மிஞ்சினார்கள்.

“அக்கா, பூட்டணும்” என்றார் வாட்ச்மேன்.

“பூட்டு, யாரு வேண்டாம்னா? இவங்களைத் தூக்கறதுக்கு ஆள் கூப்பிடு.”

“நான் மேல போகல” என்றாள் டைப்பம்மா.

“விளையாடாதீங்க.”

“பயனாளின்னு கூப்பிட்டு இறக்கினாங்க. இன்னும் பயன் வந்து சேரல. வந்ததும் போறேன்.”

“யாராவது உங்க தம்பி மகனுக்குப் போன் போட்டாங்கன்னா இன்னிக்கே வந்து இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவான், தெரியுமா?”

“மேல போனா வர்ற மாசம் கூட்டிட்டுப் போவான். இங்க இருந்தா நாலு பேர் பாக்கற மாதிரி கூட்டிட்டுப் போகணும்.”

அக்கா வாயைத் திறந்தாள். திட்டுவதற்குத்தான். என்ன காரணமோ, யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தலைவருக்குப் போன் போட்டாள். அவர் தூக்கக் கலக்கத்தில், வர்ற கூட்டத்துல பாக்கலாம் என்றார்.

அவள் கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

8

பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று சொல்லிக் கொடுப்பார்கள். நான் பொருளுரை வரைக்கும்தான் போனேன். ஆனாலும் முயன்றேன்.

தலைவர் மனம் மாறி ஓடி வருகிறார். அறையைத் திறந்து, கேடயங்களைத் தன் கையாலேயே அள்ளி வெளியே வைக்கிறார். (எழுதிவிட்டு டைப்பம்மாவின் குரலில் படித்துப் பார்த்தேன். “இந்த நல்ல புத்தியை அந்தாளுக்கு எங்கேருந்து வாங்கிக் குடுத்தே?” என்று கேட்டாள்.)

அக்கா இரும்புப் பெட்டியைக் கொண்டு வந்து அறையின் பூட்டை ஒரே போடாகப் (நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் கடை இருப்பது சங்கத்தின் வாசலில். மறுநாள் கடை இருக்காது. எனக்கு ஒரு வாக்கியம் நன்றாக அமைவதற்காக அவள் பிழைப்பைக் கெடுக்க முடியாது.)

நாலு பேர் திரும்பி வந்து டைப்பம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் மேலே விட்டுவிடுகிறார்கள். வர்ற மாசம் தம்பி மகன் வருகிறான். (இதுதான் நடக்கக்கூடியது. அதனால்தான் இதை எழுத மாட்டேன்.)

ஆகவே இவர்களை இப்படியே விட்டுவைக்கிறேன். சக்கர நாற்காலியில் ஒருத்தி, தரையில் ஒருத்தி, கதவைப் பிடித்தபடி வாட்ச்மேன்.

வாசகரே, நீங்களும் எங்காவது ஒரு விழாவில் எழுந்து நின்று கைதட்டியிருப்பீர்கள். தூக்க வரச் சொல்லவில்லை. உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. அறையின் சாவி பொருளாளர் வீட்டில் இருக்கிறது. முதல் மாடி, இடது பக்கம். அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத்தான் தட்ட வேண்டும். ஒருவர் தட்டினால் திறக்க மாட்டார். நிறைய பேர் போனால் திறப்பாரா, தெரியவில்லை.

முடிவு செய்வதானால் சீக்கிரம் செய்யுங்கள். டைப்பம்மாவுக்குத் துணி மாற்ற வேண்டும். மாற்றுத் துணி மூன்றாம் மாடியில் இருக்கிறது. அக்கா எழுந்திருக்கப் பார்க்கிறாள்.