சந்தனத்துக்கு அடியில் ஒரு பெயர்

அக்ரஹாரம் சர்க்கிளில் டிராபிக் போலீஸ்காரர் நீட்டிய கையை இறக்க மறந்து நின்றார். ஸ்கூட்டரை ஓட்டியது அன்னபூர்ணி. பின்னால், போர்வை சுற்றிய நாலடித் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்தபடி அவள் கணவர், ரிட்டயர்டு ரயில்வே கார்டு சேஷு. அந்தத் துப்பாக்கியை வீட்டுப் பெண்கள் தொடக்கூடாது. நான்கு தலைமுறைச் சட்டம். அதனால்தான் இந்த ஏற்பாடு.

"இதுக்கு டிரைவர் வேலை பார்க்கத்தான் எனக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்தேளா?"

"ரோட்டைப் பாரு, அன்னம்!"

சேஷுவுக்குச் சிரிக்க நேரமில்லை. தேர்தல் வருகிறது, துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். யார் செய்தது, எந்த வருஷம் என்று இன்று ஐந்து மணிக்குள் காட்டினால் பழம்பொருள் என்று விட்டுவிடுவார்களாம். இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டியதுதான், திரும்பி வராது. கொள்ளுத்தாத்தாவுக்கு வெள்ளைக்காரத் துரை கொடுத்த லண்டன் சரக்கு என்பது வீட்டுப் பேச்சு. பேச்சுக்கு ஏது ஆதாரம்? அதைத் தேடித்தான் ரிப்பேர்ப் பட்டறைக்கு இந்தப் பயணம்.

துப்பாக்கி ரிப்பேர்க்காரர் நஞ்சுண்டசாமி குழலைத் தடவினார், முகர்ந்தார்.

"இது துப்பாக்கியா, உற்சவ மூர்த்தியா ஸார்?"

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனமும் குங்குமமும்! அப்பினார்களே தவிர, கழுவினால் தோஷம் என்று ஒருவரும் கழுவியதில்லை. அது அடிக்குழலில் காரை மாதிரி இறுகிக் கிடந்தது. நஞ்சுண்டசாமி வெந்நீரும் பல் பிரஷுமாக உட்கார்ந்தார். தண்ணீர் சிவந்தது. லண்டனின் முதல் எழுத்துக்காகச் சேஷு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, உருண்டை உருண்டையாகக் கன்னட எழுத்துகள் எட்டிப் பார்த்தன.

"லண்டன் இல்ல ஸார், தெரகணாம்பி. நம்ம குண்ட்லுப்பேட்டைப் பக்கம். வருஷம் 1868. பேரு..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "சித்தம்மா."

"யாரு?"

"மாடிதவளு சித்தம்மான்னு வெட்டியிருக்கு. செஞ்சவ சித்தம்மா. கொல்லுப்பட்டறைப் பொம்பளை ஸார்!"

அன்னபூர்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு பீறிட்டு வந்தது. சேஷு முறைத்தார்; முறைப்பு நிற்கவில்லை. வயிறு குலுங்க அவரும் சிரித்தார்.

"ஸ்டேஷனுக்கு போட்டோ வேணும். எழுத்து தெரியற மாதிரி யாராவது துப்பாக்கியைத் தூக்கிப் பிடிங்க" என்றார் நஞ்சுண்டசாமி.

சேஷு துப்பாக்கியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஒதுங்கி நின்றார்.

"பிடி, அன்னம்."

"நான் தொட்டா உங்க துப்பாக்கிக்கு ஆகாதே?"

"போறும்டி, மானத்தை வாங்காதே. மணி நாலரை!"

இரண்டு கையாலும் வாங்கினாள். அம்மாடி, என்ன கனம்! குங்குமத் தண்ணீர் முழங்கை வழியாகப் புடவையில் சொட்ட, அவள் வளையல்கள் அந்த இரும்பில் மோதிக் கலகலத்தன.