ஏசி அறையில் வெப்பமானி

வெயில் கூடினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டு, எங்கள் சாலைப் பணிக்கு ஒரு வெப்பமானியும் கொடுத்திருந்தது. மேஸ்திரி அதைத் தன் ஏசி அறையில் மாட்டினார். தார் ஊற்றிக்கொண்டிருந்த என் தம்பி அந்த வாரமே சுருண்டு விழுந்து உயிர் விட்டான்.

சுகாதார அதிகாரி விசாரிக்க வந்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மற்றவர்கள் இன்னும் வெயிலில்தான் நின்றார்கள்.

"வெளிய மாட்டினா கெட்டுப்போயிடும் மேடம்," என்றார் மேஸ்திரி.

"அதுக்கு மட்டும் ஏசி. எங்க உடம்பு என்ன இரும்பாண்ணே?" என்றேன்.

அதிகாரி கருவியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "உங்க தம்பி நின்ன இடத்துல பிடிங்கம்மா."

பிடித்தேன். முள் ஏறிக்கொண்டே போனது. வேலையை நிறுத்தச் சொல்லும் சிவப்புக் கோட்டைத் தாண்டியதும் அதிகாரி விசில் ஊதினார். எல்லோரும் நிழலுக்கு ஓடினார்கள். எனக்குத்தான் அங்கிருந்து கால் நகரவில்லை.