இடது முட்டி

ஆட்டம் தொடங்குவதற்குள் டெரல் பாப்கார்னை அம்மாவிடம் நீட்டிவிட்டு மறுபடியும் போனை எடுத்தான். மில்பரோ கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி இன்றைக்கு ஜெயிக்குமா என்பதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டையும் விலை போட்டு வாங்கி விற்கிற சந்தை அதில் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னது பலித்தால் ஒரு டாலர், பலிக்காவிட்டால் பூஜ்யம். காலையில் ‘இல்லை’ முப்பது சென்ட்டுக்குக் கிடந்தது. சேமிப்பு மொத்தத்தையும் போட்டு வாரிக்கொண்டான். இத்தனைக்கும் மில்பரோ அணியின் உயிரே அவன் தங்கை ஜோலீன்தான்.

அதற்குச் சற்று முன்னால் அவள்தான் போனில் பேசினாள். “இடது முட்டி வீங்கிப் போச்சுண்ணா. உனக்கும் என் ரூம்மேட் டெஸ்ஸாவுக்கும்தான் தெரியும். என் ஆட்டத்தைப் பாத்து எடுத்துக்கப் பெரிய காலேஜ்ல இருந்து ஆள் வர்றாங்க, ஆடியே ஆகணும். அம்மாகிட்ட மூச்சு விட்டுராத.”

அம்மாவிடம் அவன் மூச்சு விடவில்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆனால் சின்னக் கல்லூரி ஆட்டங்களுக்குச் சந்தையில் கூட்டம் கிடையாது. ஆளில்லாத கடையில் ஒருத்தன் மூட்டை மூட்டையாக வாங்கினால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கத்தானே செய்வார்கள்? மதியத்துக்குள் விலை இரட்டிப்பானது. “எவனுக்கோ உள்விஷயம் தெரிஞ்சிருக்கு,” என்று விலைப்பட்டியலுக்குக் கீழே எல்லாரும் பார்க்கும்படி ஒருத்தன் எழுதினான். “போன ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கப்பா, ஜோலீன் இடது காலை இழுக்கிறா,” என்றான் இன்னொருத்தன். அதைப் படித்தபோதும் டெரலுக்கு வாயெல்லாம் பல்தான். விலை ஏறுகிறதே!

பந்தை மேலே வீசிய நிமிடத்திலிருந்து எதிரணிப் பெண்கள் ஜோலீனை அந்தக் காலையே ஊன்ற வைத்து நெருக்கினார்கள். அவள் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள்.

“என்னடா இது, சொல்லி வச்ச மாதிரி எல்லாரும் அந்தப் பக்கமே வர்றாளுக?” என்றாள் அம்மா. “நீ என்ன, தங்கச்சி ஆடறப்ப போனை நோண்டிட்டிருக்க?”

டெரல் மதியம் படித்த அந்த இடது கால் வரியை மறுபடி தேடி எடுத்தான். ‘இல்லை’ எண்பதைத் தாண்டியிருந்தது. விற்றுத் தலைமுழுகிவிடலாம்தான். விற்றால் மட்டும் அந்த முட்டி வலிக்காமல் போகுமா? பெரிய கல்லூரிக்காரர் பாதி ஆட்டத்திலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

தோற்ற பிறகு, உடைமாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் ஜோலீன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டெரல் மண்டியிட்டு ஐஸ் பையை முட்டியில் வைத்துப் பிடித்தான். நடைவழியின் கோடியில் டெஸ்ஸா, ஜோலீனின் ஷூக்களைக் கையில் வைத்துக்கொண்டு, கிட்டே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றாள்.

“அவதான் உளறியிருக்கா,” என்றாள் ஜோலீன். “மூஞ்சிலயே முழிக்காதன்னு சொல்லிட்டேன். அழறா பாரு, நடிப்பு. நல்லவேளை, நீயாவது இருக்கியேண்ணா.”

டெரலின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜெயித்த பணம் வந்துவிட்டது என்று எடுக்காமலே தெரிந்தது.

“போன் அடிக்குதுண்ணா, எடேன்.”

டெரல் ஐஸ் பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். உருகிய தண்ணீர் அவன் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. கோடியில் டெஸ்ஸா ஷூக்களைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.