நட்சத்திரத்தைச் சுற்றிய காற்று

மரிய அனிதாவின் மூன்று வருட உழைப்புக்கு அவள் ஆய்வு வழிகாட்டி அழகுசுந்தரம் சார் போட்ட விலை: ஒரு காபி, இரண்டு பஜ்ஜி, கடைசி ஸ்லைடில் பொடி எழுத்தில் ஒரு நன்றி. காரைக்குடியில் பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள்கூடக் கூசிப்போகிற பேரம்.

கருத்தரங்கில் அவர் பேசிக்கொண்டிருந்தார். காமா கதிர் வெடிப்பு சில நொடிகளில் முடிந்துவிடும்; அதன் பிறகு நாள்கணக்கில் தெரிகிற பின்னொளி, வெடித்துக் கிளம்பிய பாய்ச்சல் சுற்றியுள்ள வாயுவில் மோதுவதால் வருவது. அந்த வாயுவோ, நட்சத்திரம் சாகுமுன் தானே ஊதித் தள்ளியது. வாக்கியம்கூட அவளுடையதுதான். ஜூனில் 'பார்த்துட்டுத் தாரேன்' என்று அவர் வாங்கிப்போன வரைவு, இப்போது அவர் பெயரை மட்டும் சுமந்துகொண்டு திரையில் ஓடியது.

அவள் அப்பா மரியப்பனுக்கு, காரைக்குடியில் அவர் நடத்தும் பழைய சாமான் கடையில் ஒரு பழக்கம். தேக்குத் தூணோ பீங்கான் ஜாடியோ, முதலில் வாய்க்கு வந்த விலையைச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவார். சரக்கு தெரிந்தவன் சிரிப்பான், அவனிடம்தான் பேச்சு. தெரியாதவன் சீட்டோடு தூக்கிக்கொண்டு போவான். அனிதாவும் வரைவுகளில் அப்படித்தான் ஓர் அபத்தமான எண்ணைப் போட்டு வைப்பாள். உண்மையான எண் அவள் நோட்டில் இருக்கும்.

அந்தச் சீட்டு இப்போது திரையில். வாயுவின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு மூன்றுக்குப் பின்னால் பத்தொன்பது சைபர் துகள்கள். காலையில் ஸ்லைடுகளைக் கணினியில் ஏற்றிக்கொடுத்ததே அவள்தான். பார்த்தாள். சொல்லவில்லை.

கை தூக்கினாள்.

"ஏய், வேணாம்டி." பக்கத்திலிருந்த தோழி வின்சி துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "அவருதானே கையெழுத்துப் போடணும். பிஎச்.டி. போயிரும்."

"என் கணக்க அவரு பேருல வித்துட்டாரு, இனி எனக்குப் பட்டம் என்னத்துக்குடி?"

எழுந்தாள். "சார், அந்த டென்சிட்டி இந்த ஹால்ல நாம மூச்சு விடுற காத்தவிடக் கூட. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அவ்ளோ அடர்த்தின்னா, அதுக்குள்ள இருந்து வெளிச்சம் எப்படி வெளிய வந்துச்சு? அந்த நம்பர எங்குட்டிருந்து எடுத்தீக?"

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நீ தந்தது என்றால் திருடன். நானே போட்டது என்றால் முட்டாள். இரண்டில் எது மலிவு என்று அவர் முகத்துக்குள் நடக்கிற பேரத்தை அவள் ருசித்துப் பார்த்தாள்.

"அது... ஒரு தோராயமா..."

"பத்தொன்பது சைபருமா சார்?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் கையிலிருந்த லேசரின் சிவப்புப் புள்ளி திரையை விட்டு நழுவி, சுவரில் ஏறி, மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவளுக்குப் பின்னால் கைகள் உயரத் தொடங்கின. திரும்பி எண்ணினாள். தன்னுடையதோடு சேர்த்து, கேள்வி ஏழு. பதில், ஏழும் பாக்கி.